திரையில் ஓடிய கடிகாரம்: அரசுகள் மனிதரை விண்வெளிக்கு அனுப்புவது எதற்காக?

கொலம்பியா விண்கல விபத்துக்கு முந்தைய மாதங்களில் நாசாவின் மேலாளர்களுக்கு ஒரு ஸ்கிரீன்சேவர் அனுப்பப்பட்டிருந்தது. கணினியைக் கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் திரையில் ஒரு கடிகாரம் வந்துவிடும். நாள், மணி, நிமிடம், விநாடி எல்லாம் பின்னோக்கி ஓடிக்கொண்டிருக்கும். அது பூஜ்யத்தைத் தொட வேண்டிய நாள் 2004 பிப்ரவரி 19. சர்வதேச விண்வெளி நிலையத்தில் அமெரிக்கா கட்ட வேண்டிய மையப் பகுதியை நிறைவு செய்யும் ‘நோட் 2’ என்ற கூடத்தை ஷட்டில் என்ற, போய்த் திரும்பும் விண்கலம் அன்று ஏற்றிச் செல்ல வேண்டும்.

அந்தத் தேதியில் அவ்வளவு பிடிவாதம் ஏன்? நிலையத்தின் செலவு போட்ட கணக்கை மீறிப் பல நூறு கோடி டாலர் எகிறியிருந்தது. வெள்ளை மாளிகைக்கும் காங்கிரஸுக்கும் நாசாவின் பேச்சில் நம்பிக்கை போய்விட்டது. சொன்ன நாளில் சொன்னதை முடித்துக் காட்டினால்தான் மேற்கொண்டு பேச்சு என்ற நிலை. 2002 அக்டோபரில் அட்லாண்டிஸ் என்ற ஷட்டில் கிளம்பியபோது எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பெயர்ந்து ராக்கெட்டில் மோதியது. முறைப்படி அதைப் பழுதாகப் பதிந்து, காரணம் கண்டு சரிசெய்த பிறகே அடுத்த ஷட்டிலை அனுப்பியிருக்க வேண்டும். அப்படிப் பதியவில்லை. அடுத்த பயணம் கிளம்பியது. அதற்கடுத்தது கொலம்பியா. 2003 ஜனவரி 16 அன்று அது புறப்பட்ட 82ஆவது விநாடியில் இன்னொரு நுரைத் துண்டு பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. ராணுவச் செயற்கைக்கோள்கள் மூலம் இறக்கையைப் படமெடுத்துப் பார்த்துவிடலாம் என்று பொறியாளர்கள் தரப்பிலிருந்து மூன்று முறை கோரிக்கை எழுந்தது. படம் எடுக்கப்படவேயில்லை.

பிப்ரவரி 1, சனிக்கிழமை, நமக்கு இரவு ஏழரை மணி. டெக்சாஸ் வானில் கொலம்பியா உடைந்து சிதறியது. ஏழு பேர் இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கல்பனா சாவ்லா. தமிழக அரசு துணிவு, சாகசச் செயலுக்கான விருதை அவர் பெயரில் ஆண்டுதோறும் சுதந்திர தினத்தன்று வழங்கிவருவதால், அந்தப் பெயர் இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவர் எதனால் இறந்தார் என்பது அவ்வளவாகத் தெரியாது. நுரைத் துண்டு என்பது பாதிப் பதில்தான்.

மீதிப் பதில் விசாரணைக் குழு அந்த ஆண்டு ஆகஸ்டில் கொடுத்த அறிக்கையில் இருக்கிறது. அட்மிரல் ஹெரால்டு கெஹ்மன் தலைமையிலான அந்தக் குழு நுரையையும் இறக்கையையும் அலசியதோடு நிற்கவில்லை. மனிதர் விண்வெளியில் இருந்தே ஆக வேண்டும் என்று சொல்லத்தக்க ஒரு தேசியப் பணி முப்பது ஆண்டுகளாக நாசாவுக்குக் கொடுக்கப்படவில்லை என்று எழுதியது. ஒரு விபத்து அறிக்கையில் இந்த வரி இருப்பது எனக்கு இன்றும் முக்கியமாகப் படுகிறது. எதற்காகப் போகிறோம் என்பது தெளிவாக இல்லாத இடத்தில் எப்போது போகிறோம் என்பதே நோக்கமாகிவிடுகிறது. மனித விண்பயணம் வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன்.

நோக்கம் தெளிவாக இருந்த காலமும் உண்டு. 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் 108 நிமிடங்களில் பூமியைச் சுற்றிவந்தார். ஆறு வாரம் கழித்து, மே 25 அன்று, பத்தாண்டு முடிவதற்குள் நிலவில் மனிதரை இறக்குவோம் என்று கென்னடி அமெரிக்கக் காங்கிரஸில் அறிவித்தார். அவர் மேடையில் பேசியதைவிட மூடிய அறையில் பேசியதுதான் உண்மையைச் சொல்கிறது. 1962 நவம்பர் 21 அன்று நாசா தலைவர் ஜேம்ஸ் வெப்புடன் அவர் நடத்திய கூட்டத்தின் ஒலிப்பதிவு பிற்காலத்தில் வெளியானது. விண்வெளி குறித்த அறிவியல் முழுவதையும் வளர்க்க வேண்டும் என்று வெப் வாதாடுகிறார். கென்னடி இடைமறிக்கிறார். ரஷ்யர்களுக்கு முன்னால் நிலவுக்குப் போவதுதான் முதல் வேலை, மற்றபடி தனக்கு விண்வெளியில் அப்படியொன்றும் ஆர்வமில்லை என்கிறார்.

நிலவுக்கான அப்போலோ முழுக்க அரசியல் திட்டம் என்று இதை வைத்துக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் குறை தெரியவில்லை. போவதற்கான காரணம் ஒன்றே ஒன்று, அதை எல்லோரும் அறிந்திருந்தார்கள். ராக்கெட்டின் அளவு, கலத்தின் வடிவம், செலவு எல்லாம் அந்தக் காரணத்திலிருந்து பிறந்தன. 1966இல் அமெரிக்க மத்திய அரசின் மொத்தச் செலவில் 4 சதவீதத்துக்கு மேல் நாசாவுக்குப் போனது. இன்று அது அரை சதவீதம்கூட இல்லை. பந்தயத்தில் ஜெயித்ததும் பந்தயத்துக்கான காரணமும் தீர்ந்துவிட்டது. 1970இலேயே அப்போலோ 18, 19, 20 பயணங்கள் ரத்தாகிவிட்டன. 1972 டிசம்பருக்குப் பிறகு அப்போலோ நிலவுக்குப் போகவில்லை.

பணத்தைப் பற்றிய கேள்வியும் அதே காலத்தில் எழுந்ததுதான். அப்போலோ 11 கிளம்புவதற்கு முந்தின நாள், 1969 ஜூலை 15, கறுப்பின மக்கள் உரிமைத் தலைவர் ரால்ஃப் அபர்நாதி ஏழைக் குடும்பங்களைத் திரட்டிக்கொண்டு, கோவேறு கழுதை பூட்டிய வண்டிகளோடு ஏவுதளத்துக்கு வந்தார். நாசா தலைவர் தாமஸ் பெய்ன் வெளியே போய் அவர்களைச் சந்தித்தார். பொத்தானை அழுத்தாமல் விட்டால் அமெரிக்காவின் வறுமை தீரும் என்றால் நாளைக்கு நாங்கள் அழுத்த மாட்டோம் என்றார். மனிதப் பிரச்சினைகளோடு ஒப்பிட்டால் நிலவுக்குப் போவது குழந்தை விளையாட்டு என்றும் ஒப்புக்கொண்டார். மறுநாள் ஏவுதலைப் பார்க்க அந்தக் குழுவினருக்கு இடமும் ஏற்பாடு செய்தார். அபர்நாதியின் கேள்வி நியாயமானது. ஆனால் நாசாவின் பணம் சுருங்கியபோது ஏழைகளின் வீடு நிறைந்துவிடவில்லை என்பதையும் பிந்தைய வரலாறு காட்டியிருக்கிறது. பள்ளிக்கூடமா ராக்கெட்டா என்று கேட்பதைவிட, ராக்கெட்டுக்கு என்று ஒதுக்கிய பணத்தில் மனிதருக்கு எவ்வளவு, கருவிகளுக்கு எவ்வளவு என்று கேட்பது பலன் தரும். நாசாவின் பணத்தில் ஏறத்தாழ பாதி மனித விண்பயணத்துக்கே போகிறது.

அப்போலோவுக்குப் பிறகு நடந்தது தலைகீழ். 1971 ஆகஸ்டில் பட்ஜெட் அலுவலகத்தின் துணை இயக்குநர் காஸ்பர் வைன்பெர்கர் அதிபர் நிக்சனுக்கு ஒரு குறிப்பு எழுதினார். மனித விண்பயணத்தை இன்னும் வெட்டினால் அமெரிக்காவின் நல்ல காலம் முடிந்துவிட்டது என்று உலகம் நினைக்கும் என்பது அதன் சாரம். ஓரத்தில் நிக்சன் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதினார். 1972 ஜனவரி 5 அன்று ஷட்டில் அறிவிக்கப்பட்டது. நாசா கேட்டது விண்வெளி நிலையத்தையும் அதற்குப் போய்வர ஒரு வண்டியையும். கிடைத்தது வண்டி மட்டும். ஆண்டுக்கு ஐம்பது முறைக்கு மேல் பறக்கும் என்று கணக்குக் காட்டப்பட்ட அந்த வண்டி, தன் மிகச் சுறுசுறுப்பான ஆண்டான 1985இல் ஒன்பது முறை பறந்தது.

போய்ச் சேர ஊர் இல்லாமலே பேருந்தை வாங்கியாயிற்று. 1984இல் ரீகன் ஊரைக் கட்டச் சொன்னார். பத்தாண்டாகியும் கட்டி முடியவில்லை. 1993 ஜூனில் நிலையத்தைக் கைவிடும் தீர்மானம் பிரதிநிதிகள் சபையில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது. அதே ஆண்டு ரஷ்யா கூட்டாளியாகச் சேர்க்கப்பட்டது. சோவியத் ராக்கெட் பொறியாளர்கள் பிழைப்புக்காக வேறு நாடுகளுக்கு ஏவுகணை செய்துகொடுக்கப் போய்விடக் கூடாது என்ற கவலை அதற்குப் பின்னால் இருந்தது. காரணம் மறுபடி மாறியது. வண்டி மாறவில்லை. 2011 வரை 135 பயணங்கள், சேலஞ்சர், கொலம்பியா என்ற இரு ஷட்டில்களின் விபத்துகளில் சேர்த்து 14 உயிர்கள்.

சரி, அறிவியலுக்காகப் போகிறோம் என்று சொல்லலாமா? இந்தக் கேள்விக்கு ஒற்றை வரியில் பதில் சொல்பவர்களை நான் நம்புவதில்லை, அவர்கள் எந்தப் பக்கத்தில் இருந்தாலும்.

மனிதர் வேண்டாம் என்ற பக்கத்தில் ஜேம்ஸ் வான் ஆலன் போன்றவர்கள் இருந்தார்கள். 1958இல் அமெரிக்காவின் முதல் செயற்கைக்கோளான எக்ஸ்ப்ளோரர் 1இல் தன் கருவியை அனுப்பி, பூமியைச் சூழ்ந்த கதிர்வீச்சுப் பட்டைகளைக் கண்டவர். ஆபத்து பெரிது, செலவு மிகப் பெரிது, கிடைக்கும் அறிவியலோ அற்பம் என்று 2004இல் எழுதினார். அவர் சொன்னதில் நிறைய உண்மை உண்டு. வியாழன், சனி, புளூட்டோ என்று நாம் அறிந்தவை ஆளில்லாக் கலங்கள் தந்தவை. பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நிற்கும் வெப் தொலைநோக்கியை எந்த மனிதக் கையும் எட்டிப் பார்க்கவில்லை, அது தன்னைத் தானே விரித்துக்கொண்டது.

மறுபக்கத்தில் இந்தக் கணக்கு இருக்கிறது. ஆப்பர்சூனிட்டி ரோவர் செவ்வாயில் 14 ஆண்டுக்கு மேல் உழைத்து 45 கிலோமீட்டர் ஊர்ந்தது. அப்போலோ 17இன் இருவரும் மூன்றே நாளில் தங்கள் வண்டியில் சுமார் 36 கிலோமீட்டர் ஓட்டினார்கள். அவர்களில் ஒருவரான ஹாரிசன் ஷ்மிட் புவியியலாளர். நிலவில் கால்வைத்த பன்னிரண்டு பேரில் தொழிலால் விஞ்ஞானி அவர் ஒருவர்தான். ஷார்ட்டி என்ற பள்ளத்தின் விளிம்பில் நடந்துகொண்டிருந்தவர் சட்டென்று நின்று, மண் ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது என்று கத்தினார். காலால் கிளறிப் பார்த்து, அங்கேயே குழி தோண்டி மாதிரி எடுத்தார். 350 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலவின் உள்ளிருந்து எரிமலை பீய்ச்சிய கண்ணாடி மணிகள் அவை. அப்போலோ கொண்டுவந்தது மொத்தம் 382 கிலோ கல்லும் மண்ணும். சோவியத் ரோபோக்கள் மூன்று முறை போய்க் கொண்டுவந்தது சுமார் 300 கிராம்.

ஆனால் ரோபோக்கள் 1970களிலேயே நின்றுவிடவில்லை. சீனாவின் சாங்கே 6 கலம் 2024இல் நிலவின் மறுபக்கத்திலிருந்தே கிட்டத்தட்ட 2 கிலோ மண்ணை அள்ளி வந்துவிட்டது. அங்கே இதுவரை எந்த மனிதரும் இறங்கியதில்லை. ரோபோவின் கை ஆண்டுக்கு ஆண்டு தேறிக்கொண்டிருக்கிறது, மனித உடல் அப்படியேதான் இருக்கிறது.

ஒரு கைப்பிடியின் கதையையும் சொல்ல வேண்டும். 2009 மே மாதம் ஹப்பிள் தொலைநோக்கியைச் சரிசெய்ய விண்வெளியில் நடந்த மைக் மாசிமினோ, பழுதான ஒரு கருவியைத் திறக்க வேண்டியிருந்தது. அதன் மூடியில் நூற்றுக்கு மேற்பட்ட குட்டித் திருகுகள். ஒன்றுகூட மிதந்துபோய்விடாமல் பிடித்துக்கொள்ளத் தனியாக ஒரு தகடே செய்து எடுத்துப்போயிருந்தார்கள். அந்தத் தகட்டைப் பொருத்த, முதலில் ஒரு கைப்பிடியைக் கழற்ற வேண்டும். நான்கே திருகுதான். மூன்று வந்துவிட்டன. நான்காவதன் தலை மழுங்கிவிட்டது. திருப்புளி சுற்றுகிறது, திருகு அசையவில்லை. ஆண்டுக்கணக்கில் ஒத்திகை பார்த்த வேலையில் யாரும் யோசித்திராத இடம் இது. தரையில் பொறியாளர்கள் அவசரமாக அதே மாதிரிக் கைப்பிடியை எடுத்து, எவ்வளவு விசையில் இழுத்தால் உடையும் என்று சோதித்தார்கள். பிறகு மேலே தகவல் போனது: சில்லுகள் பறக்காமல் இருக்க டேப் சுற்று, பிடித்து இழு. மாசிமினோ இழுத்தார். கைப்பிடி கையோடு வந்துவிட்டது. அந்தக் கருவி மறுபடி உயிர்பெற்றது.

இதைச் சொன்னால், ஹப்பிளுக்குப் போன ஐந்து பழுதுபார்ப்புப் பயணங்களின் செலவில் புதிய தொலைநோக்கிகளையே அனுப்பியிருக்கலாமே என்பார்கள் எதிர்த்தரப்பினர். அதுவும் தட்டிக்கழிக்க முடியாத வாதம். என் முடிவு இது: மனிதர் போனால் அறிவியலுக்கு நிச்சயம் பலன் உண்டு, ஆனால் அறிவியலை மட்டும் காட்டி மனிதரை அனுப்பும் செலவை நியாயப்படுத்த முடியாது. 2014இல் அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் இதையே வேறு விதமாகச் சொன்னது. அறிவியல், பொருளாதாரம், பாதுகாப்பு, நாட்டின் மதிப்பு, மனித இனத்தின் நீடிப்பு என எந்தக் காரணத்தையும் தனியாக எடுத்து நிறுத்தினால் செலவையும் ஆபத்தையும் தாங்காது என்றது அது.

காரணங்களைக் கூட்டினால் தாங்குமா? கூட்டலாம், ஆனால் சொல்லப்படாத ஒரு காரணம் கூடவே வந்து உட்கார்ந்துகொள்கிறது. அது வேலைவாய்ப்பு.

2009இல் நார்மன் அகஸ்டின் தலைமையிலான குழு, அப்போதிருந்த நிலவுத் திட்டம் கிடைக்கும் பணத்தில் நடக்காது, ஆண்டுக்கு மேற்கொண்டு 300 கோடி டாலர் வேண்டும் என்று நேர்மையாகச் சொன்னது. எந்த ஊருக்குப் போவது என்று தொடங்காமல் எதற்காகப் போவது என்று தொடங்குங்கள் என்றும் சொன்னது. மறு ஆண்டு ஒபாமா அந்தத் திட்டத்தைக் கைவிட்டார். நீல் ஆம்ஸ்ட்ராங் எதிர்த்தார், அவரோடு நிலவில் நின்ற பஸ் ஆல்ட்ரின் ஆதரித்தார். கடைசியில் காங்கிரஸ் இயற்றிய சட்டம் ஒரு புதிய ராக்கெட்டைக் கட்டளையிட்டது. கூடியவரை ஷட்டிலின் பாகங்களையும் ஒப்பந்தங்களையும் பயன்படுத்த வேண்டும், எடுத்துச் செல்லும் எடை இவ்வளவு இருக்க வேண்டும், 2016 முடிவுக்குள் தயாராக வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதினார்கள். எங்கே போவதற்கு என்பது அதற்குப் பிறகு மூன்று முறை மாறியது: ஒரு குறுங்கோள், செவ்வாய், மீண்டும் நிலவு.

அந்த எஸ்எல்எஸ் ராக்கெட் 2022 நவம்பர் 16 அன்று ஆளில்லாமல் முதல்முறை பறந்தது. அது அருமையான பொறியியல் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அதன் அடியில் இருந்த நான்கு ஆர்எஸ்-25 என்ஜின்களும் ஷட்டில்களில் பறந்து, திரும்பி வந்து, மறுபடி மறுபடி பறந்தவை. மீண்டும் பயன்படுத்துவதற்கென்றே செய்யப்பட்டவை. இந்த முறை அவை கடலுக்குள் போய்விட்டன. ஆர்டெமிஸ் என்ற இப்போதைய நிலவுத் திட்டத்தின் முதல் நான்கு பயணங்களில் ஒவ்வொன்றுக்கும் 410 கோடி டாலர் ஆகும் என்று நாசாவின் தணிக்கைத் தலைவர் 2022இல் காங்கிரஸில் சாட்சியம் சொன்னார்.

இதே பத்தாண்டில் நாசா வேறொன்றையும் செய்து பார்த்தது. நிலையத்துக்கு ஆட்களை ஏற்றிப்போய் இறக்கிவிடும் வேலையை 2014இல் நிலையான விலைக்கு இரண்டு நிறுவனங்களிடம் கொடுத்தது. 2011க்குப் பிறகு ரஷ்யாவின் சோயுஸில் இடம் வாங்கித்தான் அமெரிக்கர்கள் போய்க்கொண்டிருந்தார்கள். 2020 மே 30 அன்று ஸ்பேஸ்எக்ஸ் கலம் இருவரை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. 2024இல் போயிங் கலத்தில் போன சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் கலத்தின் பழுதால் 286 நாள் மேலேயே இருக்க நேர்ந்தபோது, அவர்களை இறக்கிக் கொண்டுவந்தது மற்ற நிறுவனத்தின் கலம். இரு நிறுவனங்களிடம் கொடுத்தது வீண்செலவு என்று முன்பு பேசியவர்களுக்கு அது பதிலாயிற்று.

ஆகவே, பூமியைச் சுற்றிவர வண்டி கட்டுவது இனி அரசின் வேலையாக இருக்க வேண்டியதில்லை. கட்டணம் கொடுத்து ஏறிக்கொள்ளலாம். அரசு செய்ய வேண்டியது யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டாத வேலையை. எடையற்ற நிலையில் இடுப்பு, தொடை எலும்புகள் மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் தேய்கின்றன. செவ்வாய்க்குப் போக மட்டும் ஆறு மாதத்துக்கு மேல் ஆகும். அங்கிருந்து உதவி கேட்டால் குரல் பூமிக்கு வந்து சேரவே இருபது நிமிடம் வரை பிடிக்கும். மனிதர் பூமியை விட்டு விலகி வாழ முடியுமா என்பது இன்னும் விடை தெரியாத கேள்வி. முடியாது என்று தெரியவந்தாலும் அது அறிவுதான். அதைக் கண்டறிய அரசு பணம் செலவழித்தால் நான் ஆதரிப்பேன். அதைச் சொல்லியே கேட்க வேண்டும், கொடிக்காக என்றால் கொடிக்காக என்றே சொல்லிக் கேட்க வேண்டும்.

இந்தியாவிடம் இந்தக் கேள்வி இப்போது வந்து நிற்கிறது. வளரும் நாட்டுக்கு விண்வெளி எதற்கு என்று கேட்டவர்களுக்கு விக்ரம் சாராபாய் சொன்ன பதில் பலருக்கும் மனப்பாடம். எங்கள் நோக்கத்தில் குழப்பமில்லை என்றார். அதற்கு அடுத்த வாக்கியத்தை அதிகம் சொல்வதில்லை. நிலவையும் கோள்களையும் ஆராய்வதிலோ மனிதரை விண்வெளிக்கு அனுப்புவதிலோ பணக்கார நாடுகளோடு போட்டியிடும் கனவு எங்களுக்கு இல்லை என்பது அது.

இன்று அந்த நிலைப்பாடு மாறிவிட்டது. மாறக் கூடாது என்று யாரும் சொல்லப் போவதில்லை, நாடும் மாறியிருக்கிறது. 2018 சுதந்திர தின உரையில், இந்தியரை விண்வெளிக்கு அனுப்பும் ககன்யான் திட்டம் அறிவிக்கப்பட்டது, 2022க்குள் என்ற இலக்கோடு. அந்த இலக்கு தள்ளிப்போனது. 2024 செப்டம்பரில் திட்டம் விரிவாக்கப்பட்டு, இந்திய விண்வெளி நிலையத்தின் முதல் கூடத்தையும் சேர்த்து 20,193 கோடி ரூபாயானது. ஆளில்லாமல் நிலவில் இறங்கிய சந்திரயான்-3க்கு ஆனது சுமார் 615 கோடி. 2035க்குள் நிலையம், 2040க்குள் நிலவில் இந்தியர் என்று அடுத்தடுத்த ஆண்டுகளும் சொல்லப்பட்டுவிட்டன. ஆண்டு சொல்லியாயிற்று, காரணம் அந்த அளவுக்குச் சொல்லப்படவில்லை. ககன்யானை நான் ஆதரிக்கிறேன். உயிரைக் காக்கும் அளவுக்கு நம்பகமான பொறியியலைக் கற்க அது வழிசெய்யும். நிலையம் எதற்கு, அங்கே யார் என்ன ஆய்வு செய்வார்கள், வாடகைக்கு இடம் எடுத்து அதைச் செய்ய முடியாதா என்பதையெல்லாம் நாடாளுமன்றத்தில் விரிவாகப் பேசிவிட்டு மேலே போக வேண்டும்.

அந்தப் பொறியியலில் பெரும்பங்கு நம் பக்கத்தில்தான் நடக்கிறது. நாகர்கோவில் போகும் வழியில் காவல்கிணற்றைத் தாண்டும்போது தெரியும் மகேந்திரகிரி மலையடியில் இஸ்ரோவின் என்ஜின் சோதனைக் கூடங்கள் இருக்கின்றன. ககன்யான் ராக்கெட்டின் மேல்நிலைக்கான சிஇ-20 கிரையோஜெனிக் என்ஜின் மனிதரைச் சுமக்கத் தகுதியானது என்று 2024 பிப்ரவரியில் அங்கேதான் தேறியது. அதற்காக நான்கு என்ஜின்களை 39 முறை எரித்துப் பார்த்தார்கள். விதிப்படி குறைந்தது 6,350 விநாடி எரிந்தால் போதும். எரித்தது 8,810 விநாடி.

அதற்கு நாலு மாதம் முன்பு, 2023 அக்டோபர் 21 காலை, ஸ்ரீஹரிகோட்டாவில் ககன்யானில் ஆபத்து வந்தால் வீரர்கள் தப்பிக்கும் அமைப்பைச் சோதிக்க ஒரு சிறிய ராக்கெட் நின்றிருந்தது. எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டியது வானிலையால் எட்டே முக்காலுக்குத் தள்ளிப்போயிருந்தது. நாடே நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தது. கவுண்ட்டவுன் ஐந்து விநாடிக்கு வந்தபோது கணினி ஏதோ சரியில்லை என்று கண்டு தானாக நிறுத்தியது. ராக்கெட் பத்திரமாக இருக்கிறது, போய்ப் பார்க்கிறோம் என்று இஸ்ரோ தலைவர் சோமநாத் அறிவித்தார். குறையைக் கண்டுபிடித்துச் சரிசெய்து, கடிகாரத்தை மறுபடி ஓடவிட்டார்கள். பத்து மணிக்கு ராக்கெட் கிளம்பியது.